மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்பது படகுகள்

நவத்வீபம்,
பாத்ர மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

விக்ரமபுரத்து அண்ணி சர்வாணிக்கு, நாத்தனார் குமுதினி வணங்கி எழுதுவது. கங்கைத் தாய் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் வீட்டு மாப்பிள்ளையும் மகன் நீலாம்பரனும் சுகம். அண்ணனின் முழங்கால் வலி மழைக்கு ஏறியதா, இறங்கியதா?

ஊர் எப்போதும்போல இருக்கிறது. போன வாரம் அரண்மனையில் கவிதைப் போட்டி நடந்தது. தாமரையைப் பற்றி மட்டும் அறுபது செய்யுள் கேட்டோம். மேற்கு வாசல் காவலர்கள் நாற்று நட ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. வாசலில் ஒரு வெள்ளாடு படுத்திருக்கிறது. உள்ளே வருபவர்களை அது ஒன்றும் கேட்பதில்லை. உங்கள் மாப்பிள்ளையின் பொறுப்பில் இருக்கும் முப்பது போர்ப்படகுகளில் மிதப்பவை பதினொன்று. மற்றவற்றில் யானைக்கொட்டிலுக்கு வைக்கோல் அடைத்திருக்கிறார்கள்.

மகத நாட்டிலிருந்து மொட்டைத் தலைத் துறவிகள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கொட்டகையில் மூன்று பேர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் பேசுவதில்லை. கீரை நன்றாக ஆய்ந்து கொடுக்கிறார்கள்.

நிற்க, நீலாம்பரனுக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பெண்ணைப் பற்றி அவரிடம் சொன்னேன். பூரித்துப் போனார். பையனுக்கு இருபத்தாறு முடிகிறதே! பெண்ணின் விவரங்களை விரிவாக எழுதுங்கள். மாக மாத முகூர்த்தம் என்றால் எங்களுக்கு வசதி.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டு,
குமுதினி

* * *

விக்ரமபுரம்,
பாத்ர மாதம், தேய்பிறை ஒன்பதாம் நாள்

அன்புள்ள நாத்தனாருக்கு சர்வாணியின் ஆசி. இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணனின் முழங்கால் விருந்துக்குப் போகும்போது வலிப்பதில்லை, விறகு எடுக்கச் சொன்னால் வலிக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எந்தப் பெண்?

நான் எப்போது பெண் பார்த்தேன்? யார் வீட்டில்? உன் அண்ணனைக் கேட்டேன். "நீதான் பாத்திருப்ப, பாத்துட்டு மறந்திருப்ப. போன வருஷம் எருமையை மேய விட்டுட்டு மறந்தவதானே நீ" என்கிறார். எருமை வேறு, மருமகள் வேறு. கனவு கினவு கண்டாயா? காய்ச்சலா? தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

அக்கறையுடன்,
சர்வாணி

* * *

(வெல்லப் பானைக்குள், மெழுகுத் துணியில் சுற்றி)

நவத்வீபம்,
ஆசுவின மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்

அண்ணி, நலம் விசாரிக்க இதில் இடமில்லை. படித்தவுடன் அடுப்பில் போடுங்கள்.

நல்லவேளை, உங்கள் கடிதம் வந்த அன்று பானுதத்தருக்கு வயிற்றுப்போக்கு. யார் அவர் என்கிறீர்களா? படித்துறை ஓலைக்காரர். ஊருக்குள் வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாம் அவர் வாசித்த பிறகுதான் நகரும். அதிகாரிகளின் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று அரண்மனை உத்தரவு. நாங்கள் போனால் ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். ஜனங்கள் ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார்கள்; அரண்மனைதான் தாமரையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு மட்டும் முத்திரை வாங்கிக்கொண்டு போகலாம்.

அதனால்தான் ஒரு பெண் வேண்டும். நிஜமான பெண் வேண்டாம், எழுத்தில் இருந்தால் போதும். மாப்பிள்ளை வீட்டார் என்று நாற்பது பேராவது படகில் ஏறிவிடுவோம்.

கீரை ஆய்கிற துறவிகளில் ஒருவர் போன வாரம் வாய் திறந்தார். துருக்கக் குதிரைப்படை அவருடைய விகாரைக்கு வந்த நாளைப் பற்றி இரண்டே வரி சொன்னார். அதை நான் எழுத மாட்டேன்.

இது உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அவருக்குப் பொய் வராது. சின்னப் பொய் சொன்னாலும் இரண்டு காதும் செம்பருத்தியாகிவிடும், பானுதத்தர் கண்டுபிடித்துவிடுவார். அவர் நிஜமென்று நம்பினால்தான் முத்திரை கிடைக்கும். நீலாம்பரனிடமும் சொல்லவில்லை.

நன்றாகப் பொய் எழுதுங்கள், அண்ணி. உங்களுக்கு வரும்.

கு.

* * *

விக்ரமபுரம்,
ஆசுவின மாதம், பௌர்ணமி

அருமை நாத்தனாருக்கு சர்வாணி எழுதுவது. அனைவரும் நலம், அங்கும் அப்படியே இருக்க துர்க்கை அருள்வாள்.

என் மறதியை மன்னித்துவிடு! நேற்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. பெண்ணின் பெயர் உத்பலா. எங்கள் பக்கத்துத் தெரு ஈசானரின் ஒரே மகள். வயது இருபத்திரண்டு. நிறம் மாம்பூ. மூக்கு எள்ளுப்பூ. நடந்தால் அன்னம், நின்றால் கொடி, உட்கார்ந்தால் இருப்பதே தெரியாது. குயில்போலப் பாடுவாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். இலிஷ் மீனில் ஒரு முள் விடாமல் எடுத்துப் பரிமாறுவாள். காசியப கோத்திரம், குலீன வம்சம், ஏழு தலைமுறைக்குக் குற்றமில்லை. மாக மாத வளர்பிறைப் பத்தாம் நாள் முகூர்த்தம் பார்த்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் அனைவரும், அனைவரும், திரளாக வர வேண்டும். இந்தக் கடிதத்தை வாசிக்கும் பெரியவர்கள் யாராயிருந்தாலும் அவர்களுக்கும் இதுவே அழைப்பு.

உறவு பெருக வேண்டும் என்று வேண்டும்,
சர்வாணி

* * *

நவத்வீபம்,
கார்த்திக மாதம், வளர்பிறை ஏழாம் நாள்

மதிப்பிற்குரிய சர்வாணி அக்காவுக்கும் மைத்துனர் தாமோதரருக்கும், படகுத்துறை மேலாளர் சூலபாணி வணக்கத்துடன் எழுதுவது. யாவரும் சுகம் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதத்தைப் பானுதத்தர் வாசித்துவிட்டுத் துறையில் என்னிடம் நேரே கொடுத்தார். மாலையில் குமுதினிக்கு நானே படித்துக் காட்டினேன். மிக மகிழ்ச்சி. பெண் சாண்டில்ய கோத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். நமக்கு மிகவும் பொருத்தம். நீலாம்பரன் மூக்கைப் பற்றிய வரியை மூன்று முறை கேட்டான். பிறகு, "உட்கார்ந்தா இருக்கிறதே தெரியாதுன்னா, எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?" என்றான். அவனுக்கு நகைச்சுவை என்று நினைப்பு.

சில ஐயங்கள். பெண் பாடுவது எந்தப் பண்? ஈசானர் எங்கே படித்தவர்? முத்திரைக்கு விண்ணப்பம் போடப் பெண்ணின் தந்தை கைப்பட எழுதிய அழைப்பு ஒன்று வேண்டும். நம் பக்கம் விருந்தினர் சற்று அதிகமாக இருக்கலாம். குமுதினி எண்பது என்கிறாள். எனக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

தங்கள்,
சூலபாணி

* * *

(பனைவெல்லத்துக்கு அடியில்)

விக்ரமபுரம்,
அக்கிரகாயண மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்

குமுதினி, நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நீ என்னைப் படுத்துகிற பாட்டில் நலமாகத்தான் இருப்பாய். உன் வீட்டுக்காரர் பண் கேட்கிறார்! நான் கோத்திரம் காசியபம் என்றல்லவா எழுதினேன்? அவர் சாண்டில்யம் என்கிறார். என் கை எதை எழுதியதோ, தெய்வத்துக்கு வெளிச்சம்.

இன்னொரு கூத்து. மூக்கு, நிறம் எல்லாம் கற்பனையாக வரவில்லை என்று, நிஜமாகவே பக்கத்துத் தெருவில் இருக்கிற உத்பலாவின் பெயரைப் போட்டுவிட்டேன். உன் அண்ணன் சும்மா இருப்பாரா? சந்தையில் ஈசானரைப் பார்த்து, "சம்பந்தி!" என்று கூப்பிட்டிருக்கிறார். அன்று பிற்பகலே உத்பலா வந்து நின்றாள். கையில் உலக்கை வேறு. எள் இடிக்கும் இடத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

"என்ன அத்தே, எனக்குக் கல்யாணமாமே? என்கிட்ட யாரும் சொல்லலையே?"

"சும்மா பேருக்குடி" என்றேன்.

"பேருக்குன்னா? பேரும் என்னுது, மூக்கும் என்னுது. நான் மட்டும் வேணாமா?"

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உலக்கையைச் சுவரில் சாத்தி வைத்தாள். பிறகு, "எத்தனை பேரு வருவாங்க?" என்று கேட்டாள். எண்பது என்றேன்.

"அப்ப சரி, நான் மணப்பெண்ணா இருந்துட்டுப் போறேன். ஆனா பொய்ய ஒழுங்காச் சொல்லுங்க அத்தே. எனக்குப் பாட வராது. நான் அதிர்ந்துதான் பேசுவேன், ஊருக்கே தெரியும். நாளைக்கு யாராவது விசாரிச்சா மாட்டிக்குவீங்க. படகு வலிப்பா, சொக்கட்டான்ல தோக்க மாட்டான்னு எழுதுங்க. அது நெசம்."

அவள் அப்பாவும் சம்மதித்துவிட்டார். அழைப்பைத் தனியே, பானுதத்தர் கண்ணில் படும்படி அனுப்புகிறேன்; படகு வலிப்பதும் சொக்கட்டானும் அதில் இருக்கிறது.  

ச.

* * *

(காலிப் பானைக்குள்)

நவத்வீபம்,
பௌஷ மாதம், தேய்பிறை நான்காம் நாள்

அண்ணி, வணக்கம். முத்திரை கிடைத்துவிட்டது!

பானுதத்தர் இந்தக் கல்யாணத்தில் எங்களைவிட மூழ்கிவிட்டார். "படகு வலிக்கிற பொண்ணா? மேலாளர் வீட்டுக்கு வேற யாரு பொருத்தமா வருவாங்க?" என்று அவரே அரண்மனையில் பேசி வாங்கிக் கொடுத்தார். அவரையும் அழைத்திருக்கிறீர்களாம். போகலாமா என்று யோசிக்கிறார்.

எண்ணிக்கை இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. கோபப்படாதீர்கள். குயவர் தெரு முழுக்க நமக்குச் சித்தப்பா, பெரியப்பா ஆகிவிட்டது. இலக்கணப் பண்டிதர் ஒருவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். நம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தங்கியிருக்கும் துறவிகள் பதினான்கு பேரும் மேளக்காரர்கள். தலையில் துண்டு கட்டிப் பார்த்தோம். எடுப்பாக இருக்கிறது, ஆனால் அடிக்கத் தெரியவில்லை. கீரைத் துறவி மட்டும் இரண்டு நாளில் தாளம் பிடித்துவிட்டார். நேற்று முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். எதிர்வீட்டு நிறைமாதக் கர்ப்பிணியும் வருகிறாள். மருத்துவச்சியும் கூடவே வருகிறாள்.

ஒன்பது படகுகள். உங்கள் மாப்பிள்ளையே பொறுக்கி எடுத்து அடிப்பலகைக்குத் தார் பூசுகிறார். "கல்யாணப் படகுக்கு எதுக்கு இவ்வளவு தார்?" என்று நான் கேட்டதற்கு, "நம்ம ஒரே பையன் கல்யாணமாச்சே" என்றார். இந்த வருடப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து காது மூடத் தலைப்பாகை கட்டிக்கொண்டே திரிகிறார், வீட்டுக்குள்ளும் அவிழ்ப்பதில்லை.

அவர் எங்களோடு வரவில்லை. துறையைவிட்டு நகர அனுமதியில்லையாம், முகூர்த்தத்துக்குப் பின்னால் வருகிறாராம். மற்றபடி எல்லாம் நலம். இங்கே பனைவெல்லம் இந்த வருடம் நல்ல வாசனை.

குமுதினி

* * *

விக்ரமபுரம்,
பௌஷ மாதம், அமாவாசை

குமுதினிக்கு ஆசி. நலமே.

பிள்ளையின் தகப்பனார் இல்லாமல் எந்த ஊரில் கல்யாணம் நடக்கும்? இதை ஒரு வரியில் எழுதிவிட்டு வெல்லத்தின் வாசனைக்குப் போய்விட்டாயே, அடி பாவி!

உன் அண்ணனும் நானும் அரிசி சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஈசானர் மாட்டுக் கொட்டகையைக் காலி செய்துவிட்டார். உத்பலா ஊர்ப் பெண்களைக் கூட்டி வாழைத்தோப்பில் பதினாறு கூரை போட்டுவிட்டாள். நீ அவரைக் கையோடு கூட்டி வா.

சர்வாணி

* * *

விக்ரமபுரம்,
மாக மாதம், பௌர்ணமி
(வெல்லப் பானைக்குள்)

நவத்வீபத்துப் படகுத்துறை மேலாளர் அவர்களுக்கு, அவருடைய வீட்டுக்காரி வணங்கி எழுதுவது. தாங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ஊறுகாய் பரணில், இடது பக்கம்.

பதினோரு நாளில் வந்து சேர்ந்தோம். புறப்பட்டது இருநூற்றுப் பன்னிரண்டு; வந்து இறங்கியது இருநூற்றுப் பதின்மூன்று. ஏழாம் படகில் பெண் குழந்தை. மேளக்காரர்கள் அத்தனை பேரும் குழந்தைக்குச் சூத்திரம் ஓதினார்கள். நம் பசு மட்டும் வழியெல்லாம் இலக்கணப் பண்டிதரின் ஓலைகளைத் தின்றுகொண்டு வந்தது. சந்தி அதிகாரம் முழுக்க உள்ளே போயிற்று.

கரையில் எல்லாரும் குலவையிட்டார்கள். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு, "மாப்பிள்ளை எங்கடி?" என்றாள். நீலாம்பரன், "இதோ நிக்கிறேனே!" என்றான். "உன்னை யாருடா கேட்டா? உங்கப்பாவைக் கேட்டேன்" என்றாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பெண் கிடையாது. கல்யாணம் கிடையாது. உத்பலா என்று ஒருத்தி இருக்கிறாள். ஆனால் அவளை யாரும் யாருக்கும் பேசி முடிக்கவில்லை. ஊரைவிட்டு வெளியேற நான் சொன்ன பொய் அது. இருபத்தெட்டு வருடத்தில் உங்களிடம் சொன்ன ஒரே பெரிய பொய். நீங்கள் நம்பித் தார் பூசியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. படகில் ஏறும்போது திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் திரும்பவேயில்லை. கோபத்தில் நீங்கள் என்னைத் திட்டலாம். வந்து திட்டுங்கள். நேரில் திட்டுங்கள்.

நீலாம்பரனிடம் நேற்று சொன்னேன். முகம் தொங்கிப்போயிற்று. நேரே போய் உத்பலாவிடம் சண்டை போட்டிருக்கிறான். இரண்டு பேரும் சொக்கட்டான் ஆடி முடிவு செய்வதாகப் பேச்சு. எதை முடிவு செய்யப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

தங்கள் வரவுக்காகத் துறையில் நிற்கும்,
குமுதினி

* * *

பாதி வழி, ஓர் ஓடைக்கரை,
பால்குன மாதம், வளர்பிறை நான்காம் நாள்

அன்புக் குமுதினிக்கு சூலபாணி எழுதுவது. நான் சுகம். இதை எடுத்துவரும் சிறுபடகு எங்களைவிட இரண்டு நாள் முன்னால் வரும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: நான் வந்துகொண்டிருக்கிறேன்.

அவர்கள் வந்தது நடுப்பகலில். ஊரே இலை போட்டு உட்கார்ந்திருந்த நேரம். பதினெட்டுப் பேர், மெதுவாக, குதிரை வியாபாரிகள்போல வந்தார்கள். மேற்கு வாசலில் கேட்க ஆளில்லை. கடைத்தெருவில் ஒருவன் குதிரையின் விலையைக் கேட்டானாம். நான்கூடத் துறையிலிருந்து பார்த்துவிட்டு, நல்ல குதிரை என்று நினைத்தேன். அரண்மனை வாசலில்தான் கத்தியை உருவினார்கள். பின்னால் பெரிய படை வந்துகொண்டிருந்தது. மன்னர் பின்வாசல் வழியாகக் கிழக்கே போய்விட்டார் என்கிறார்கள். நாமறிந்த அரசு அன்றைய சாப்பாட்டு வேளைக்குள் முடிந்துவிட்டது. அன்று துறையில் மிதந்த இரண்டு படகுகளிலும் கொள்ளும் மட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எல்லாரையும் ஏற்ற முடியவில்லை. அதை நேரில்கூடக் கேட்காதே.

உன் கடிதம் அன்று காலைதான் வந்தது. பொய் சொல்லிவிட்டேன் என்று அழுதிருக்கிறாய். அடி அசடே, உன் அண்ணி முதல் கடிதத்திலேயே பெண்ணைக் காசியப கோத்திரம் என்று எழுதிவிட்டாள். நாமே காசியபம்! சொந்தக் கோத்திரத்தில் யாராவது பெண் எடுப்பார்களா? நிஜமாகவே பார்த்த பெண் என்றால் உன் அண்ணி இதைக்கூடவா விசாரிக்காமல் இருப்பாள்? துறையிலேயே புரிந்துவிட்டது. அரண்மனைப் புரோகிதர் கண்ணில் படுவதற்குள் கத்திமுனையால் சுரண்டிச் சாண்டில்யம் ஆக்கினேன். பிறகுதான் உனக்குப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து தலைப்பாகையை அவிழ்க்க முடிந்ததா எனக்கு? பனி என்று நீ கஷாயம் வேறு போட்டுக் கொடுத்தாய். எட்டிக்காய் தேவலை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் துறையைவிட்டு வர முடியாது. நான் இருந்தால்தான் படகு நகரும். நீங்கள் போன பிறகு, கல்யாணத்துக்குப் பிந்திவிட்டவர்கள் என்று சொல்லி இன்னும் ஐந்து நடை அனுப்பினேன். அவர்கள் வழியில் உறவினர் ஊர்களில் இறங்கிக்கொண்டார்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று உனக்குத் தெரிந்திருந்தால் நீ என்னைவிட்டுக் கிளம்பியிருப்பாயா? என்னை ஏமாற்றுகிறோம் என்ற தைரியத்தில்தானே படகு ஏறினாய். அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

பானுதத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பிசைந்த சோற்றோடு ஓடிவந்து ஏறியவர்.  இன்று காலை மெதுவாக, "மேலாளரே, கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட வர்றேனே, தப்பா நினைச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். அவர் கடைசி வரை நம்பியிருக்கிறார், குமுதினி. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றேன்.

உன்,
சூலபாணி

* * *

விக்ரமபுரம்,
பால்குன மாதம், வளர்பிறை எட்டாம் நாள்

மாப்பிள்ளை அவர்களுக்கு சர்வாணி எழுதுவது. உங்களை எதிர்கொண்டு அழைத்துவர ஈசானரின் படகை அனுப்புகிறோம். வலிப்பவர்களில் ஒருத்தி உத்பலா. இந்தக் கடிதம் அவள் கையில்தான் வருகிறது; ஆகவே கவனமாக எழுதுகிறேன்.

குமுதினி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகிறாள், அழுகை முற்றினால் சிரிப்பு வந்துவிடுகிறது, ஓலை நனைந்ததுதான் மிச்சம். உங்கள் கடிதத்தை ஊரே கேட்கும்படி நான்தான் வாசித்தேன். ஏற்ற முடியாதவர்களைப் பற்றிய வரியில் துறவிகள் எழுந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம்.

பானுதத்தர் விஷயம் வாசித்ததும் நீலாம்பரன் தலையைச் சொறிந்தான். உத்பலாதான் கேட்டாள்: "பாவம், அந்த மனுஷன்கிட்ட யாரு போய் இல்லேன்னு சொல்றது?"

"நான் சொல்ல மாட்டேன்" என்றான் இவன்.

"நானும் சொல்ல மாட்டேன்."

"அப்ப என்ன பண்றது?"

"ஆட்டத்துல ஒன்பது தடவ தோத்தவன் கேள்வி கேக்கக் கூடாது" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தே, பால்குனத்துல நல்ல நாள் இருக்கான்னு எங்கப்பாவைப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். காது சிவந்தது அவளுக்கில்லை, உங்கள் மகனுக்கு. குடும்ப வழக்கம்போலிருக்கிறது.

வளர்பிறைப் பதின்மூன்றாம் நாள் முகூர்த்தம். ஈசானரைக் கேட்டேன், அவர்கள் பரத்வாஜ கோத்திரம்; இதை யாரும் சுரண்டித் திருத்த வேண்டாம். பானுதத்தரிடம் சொல்லுங்கள்: அவர் வெறுங்கையோடு வரலாம், கல்யாண ஓலையை அவர்தான் எழுதித்தர வேண்டும். ஆற்றில் நீரோட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குமுதினி விடிந்ததிலிருந்து துறையில் நிற்கிறாள். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள்.

சர்வாணி